கடைசி ஆள் போகும் வரை

"உங்ககிட்ட டிரைவிங் லைசென்ஸ் இருக்கா?"

ஏப்ரல் மாத மாலை ஒன்றில், கைத்தடியை ஊன்றியபடி எங்கள் வாசலில் நின்று இப்படிக் கேட்டார் பக்கத்து வீட்டுப் பெரியவர். எனக்குப் பகீரென்றது. காரை அவர் வேலியில் இடித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"இருக்கு, முசியூ."

"பிரெஞ்சு லைசென்ஸா?"

"பிரெஞ்சு லைசென்ஸ்தான். நாலாவது தடவை பாஸ் பண்ணி வாங்கினேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் கொடுங்க. முட்டியில ஆபரேஷன் பண்ணியிருக்கு. அஞ்சு மணி நேரம் நிக்கக் கூடாதாம். என் முனையில நீங்க நிக்கணும்."

அந்த முனை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு கிராமத்துச் சாலையும், காலிஃபிளவர் வயல்களுக்கு நடுவே போகும் ஒரு மண் பாதையும் அங்கே சந்திக்கின்றன. நாங்கள் இருப்பது பிரான்ஸின் மேற்குக் கோடி. ஆங்கிலத்தில் பிரிட்டனி என்பார்கள், பிரெஞ்சில் பிரெத்தாஞ். கணவருக்கு பிரெஸ்ட் துறைமுகத்தில் வேலை என்பதால் எட்டு வருடமாக இந்தக் காற்றிலும் மழையிலும் குடியிருக்கிறோம்.

பிரான்ஸ், சைக்கிள் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு ஜூலை மாத 'டூர் த ஃபிரான்ஸ்' நினைவுக்கு வரும். 21 நாள் ஓட்டம், மலைகள், மஞ்சள் சட்டை. நானும் அதை மட்டும்தான் அறிந்திருந்தேன். இன்னொரு பந்தய உலகம் இருக்கிறது என்று காட்டியவர் இந்தப் பெரியவர். அதன் பெயர் 'கூப் த ஃபிரான்ஸ்', அதாவது பிரான்ஸ் கோப்பை. காலையில் கிளம்பி மாலையில் முடிந்துவிடும் ஒருநாள் பந்தயங்கள் பலவற்றை ஒன்றாகக் கோத்து 1992-ல் தொடங்கினார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளிகள் உண்டு. முதலாவது வந்தால் 50, இரண்டாவது 35, மூன்றாவது 25 என்று இறங்கிக்கொண்டே போகும். வருடக் கடைசியில் யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை.

பெரியவர் இந்தக் கணக்கை எல்லாம் கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு நோட்டு. "இன்டர்நெட்ல எல்லாம் இருக்குமே முசியூ" என்றேன். "இருக்கும். ஆனா அது என் கையெழுத்துல இருக்காதே" என்றார்.

என்னைச் சம்மதிக்க வைத்த பிறகு, வாரம் ஒரு மாலை காபி கொடுத்து எனக்குப் பாடம் நடத்தினார்.

சீசன் தெற்கே மார்செய் நகரத்தில் தொடங்கும். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ, பாதி நாடு குளிரில் நடுங்கும்போது. 'லா மார்செயேஸ்' என்ற உள்ளூர் நாளிதழ் தொடங்கி வைத்த பந்தயம் அது. அதற்கு ஒரு சாபம் உண்டாம். அங்கே ஜெயித்தவர் அந்த வருடம் முழுக்க வேறெங்கும் ஜெயிக்க மாட்டார் என்று சொல்வார்கள். "பலிக்குமா?" என்று கேட்டேன். "சில பேருக்குப் பலிக்கும். அதைத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சுக்குவாங்க" என்றார். நம் ஊர் ஜோசியம் போலத்தான்.

மார்ச்சில் வடக்கே தெனான். ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்புமாகக் கொதித்த ஊர். சுரங்கம் போயிற்று, ஆலையும் மூடியாயிற்று. 1959-ல் தொடங்கிய பந்தயம் மட்டும் நிற்கவில்லை. ஏப்ரலில் 'பாரிஸ்–கமாம்பேர்'. பெயரில்தான் பாரிஸ், பல வருடங்களாக அது பாரிஸில் தொடங்குவதே இல்லை. கமாம்பேர் என்பது நார்மண்டியில் சீஸுக்குப் பெயர் போன சின்னஞ்சிறு கிராமம். செப்டம்பரில் ஃபூர்மி. 1891 மே 1-ம் தேதி, வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கூடிய நெசவாலைத் தொழிலாளர்கள் மேல் ராணுவம் சுட்டு ஒன்பது பேர் இறந்த ஊர் அது. கடைசியாக அக்டோபரில், மேற்குக் கடலோரம் உள்ள வாந்தே. நோட்டைப் புரட்டப் புரட்ட, இந்த நாட்டின் வரைபடத்தில் நான் கண்ணெடுத்தும் பார்க்காத ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"டூர்ல ஜெயிக்கிறவங்க இங்க வருவாங்களா?"

"எப்பவாவது வருவாங்க. வராட்டியும் பரவாயில்ல. இது துமுலான் மாதிரி ஆளுங்களுக்கான பந்தயம்."

சாமுவேல் துமுலான் அவருடைய ஹீரோ. உயரம் 1 மீட்டர் 59 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி மூன்று அங்குலத்துக்கும் குறைவு. தொழில்முறை வீரர்களிலேயே மிகக் குள்ளமானவர்களில் ஒருவர். இந்தக் கோப்பையை 2012, 2013, 2016 என்று மூன்று முறை வென்றார். "எல்லா வாரமும் வந்து நிக்கணும், எல்லா வாரமும் முன்னாடி முடிக்கணும். மூணு தடவை ரெண்டாவதா வந்தவனுக்கு 105 புள்ளி. ரெண்டு தடவை ஜெயிச்சவனுக்கு 100தான். கணக்கு புரியுதா?" என்று பென்சிலால் நோட்டைத் தட்டினார்.

பெரிய அணிகளும் இந்தச் சின்னப் பந்தயங்களைத் தேடி ஓடி வந்த காலம் ஒன்று உண்டு. உலக சைக்கிள் சங்கத்தின் தரவரிசைக் கணக்கில் 2022 வரை, டூர் த ஃபிரான்ஸில் ஒருநாள் ஓட்டத்தை வென்றால் 120 புள்ளி. மார்செய் போன்ற பந்தயத்தை வென்றால் 125. மேல்மட்டத்திலிருந்து இறக்கப்படும் பயத்தில் இருந்த அணிகளுக்கு அந்த ஐந்து புள்ளி பெரிது. "உலகமே பார்க்கிற ஜெயிப்பைவிட, மாடு மேய்ற ஊர்ல ஜெயிக்கிறது மேல்னு ஆயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கணக்கை மாற்றிவிட்டார்கள்.

ஆனால் அவர் என்னை நிற்கச் சொன்ன பந்தயம் வேறு ரகம். 'ட்ரோ ப்ரோ லெயோன்'. இது பிரெஞ்சுப் பெயர் அல்ல, பிரெத்தோன் மொழிப் பெயர். ட்ரோ என்றால் சுற்று, ப்ரோ என்றால் நாடு. லெயோன் எங்கள் வட்டாரத்தின் பழைய பெயர். லெயோன் நாட்டைச் சுற்றும் பந்தயம். லானிலிஸ் என்ற சிற்றூரில் முடியும்.

சுமார் 200 கிலோமீட்டர். அதில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் தார்ச்சாலையை விட்டு வயல்களுக்கு நடுவே உள்ள மண்பாதைகளில் இறங்க வேண்டும். 'ரிபின்' என்று அந்தப் பாதைகளுக்குப் பெயர். டிராக்டர் போகும் இரண்டு தடம், நடுவில் புல், ஓரமெல்லாம் கூர்க்கல். இலேசான பந்தய சைக்கிளில், கையளவு கூட அகலமில்லாத டயரை வைத்துக்கொண்டு அதில் பறக்கிறார்கள். கற்சாலைகளுக்குப் பெயர்போன 'பாரிஸ்–ரூபே'யை 1997-ல் வென்ற ஃபிரெதெரிக் கெதோன் பிறந்தது பிரெத்தாஞில்தான். அவருக்குப் பிறகு எந்தப் பிரெஞ்சுக்காரரும் ரூபேயில் ஜெயித்ததில்லை. அவர் 2008-ல் எங்கள் ரிபின்களிலும் ஜெயித்திருக்கிறார். பெரியவர் அந்தப் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

இன்னொரு பரிசும் உண்டு. முன்னால் முடிக்கும் பிரெத்தாஞ் வீரருக்கு ஒரு பன்றிக்குட்டி. உயிருள்ள குட்டி! பிரான்ஸின் பன்றிகளில் பாதிக்கு மேல் இந்தப் பகுதியில்தான் வளர்கின்றன. நம் ஊர் ஜல்லிக்கட்டில் பீரோவும் அண்டாவும் கொடுப்பார்களே, அந்த மாதிரி மண்ணின் பரிசு.

இதெல்லாம் வேடிக்கை. ஆனால் இந்தப் பந்தயம் எதற்காகத் தொடங்கியது என்று அவர் சொன்ன அன்று எனக்குக் காபி இறங்கவில்லை.

1984-ல் ழான்-போல் மெலுவெத் என்பவர் இதைத் தொடங்கினார். காரணம் சைக்கிள் மட்டுமல்ல, பள்ளிக்கூடம். 'திவான்' என்று பிரெத்தோன் மொழிவழிப் பள்ளிகள் இங்கே இருக்கின்றன. திவான் என்றால் முளைவிடுவது என்று பொருள். முதல் பள்ளி 1977-ல், இதே லெயோன் பகுதியில் லாம்போல்-ப்ளூதல்மெசோ என்ற ஊரில் பிறந்தது. புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு முதல் ஐந்து வருடம் ஆசிரியர் சம்பளத்தை அரசு தராது. பெற்றோரும் ஊராரும்தான் காசு சேர்க்க வேண்டும். அப்பம் சுட்டு விற்றார்கள், நடன விழா நடத்தினார்கள், கூடவே ஒரு சைக்கிள் பந்தயமும் நடத்தினார்கள். அந்தப் பந்தயம்தான் இன்று உலகத் தொழில்முறை வீரர்கள் வரும் ட்ரோ ப்ரோ லெயோன்.

"காசு கொடுத்து ஒரு மொழியைப் படிக்க வைக்கணும்கிற நிலைமை ஏன் வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பெரியவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவருக்கு வயது எண்பதுக்கு மேல். வீட்டில் பேசியது பிரெத்தோன் மட்டுமே. ஆறு வயதில் பள்ளிக்குப் போனபோது பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. பள்ளியில் தாய்மொழி பேசி மாட்டிக்கொண்டால் கழுத்தில் ஒரு பொருளைத் தொங்கவிடுவார்கள். சில பள்ளிகளில் மரச்செருப்பு, சில பள்ளிகளில் கட்டைத்துண்டு. அதை மாட்டிக்கொண்ட பிள்ளை, அடுத்ததாக யார் பிரெத்தோன் பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு அவன் கழுத்துக்கு மாற்ற வேண்டும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை.

"தண்டனை கூட மறந்துபோச்சு. என் சிநேகிதனைக் காட்டிக் கொடுத்தது மறக்கல" என்றார்.

அவருக்குக் குழந்தைகள் பிறந்தபோது, அவரும் மனைவியும் ஒரு முடிவு எடுத்தார்கள். தங்களுக்குள் பிரெத்தோன், பிள்ளைகளிடம் பிரெஞ்சு. பிள்ளைகள் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. இந்த ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இதே முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பத்து லட்சம் பேர் பேசிய மொழி. 2024-ல் எடுத்த கணக்கில் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் மிஞ்சினார்கள். இன்று திவான் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 4,000 பேர். அதில் ஒருத்தி அவருடைய பேத்தி. தாத்தாவும் பேத்தியும் தோட்டத்தில் பிரெத்தோனில் பேசிக்கொள்வார்கள். நடுவில் நிற்கும் மகனுக்கு ஒன்றும் புரியாது.

"பிரெஞ்சுதான் குடியரசின் மொழின்னு அரசியல் சாசனத்துல எழுதினது 1992-ல. கோப்பையும் அதே வருஷம்தான்" என்றார். 2021-ல் நாடாளுமன்றம் இந்தப் பள்ளிகளுக்கு ஆதரவாக ஒரு சட்டம் போட்டது. முழுக்க முழுக்கத் தாய்மொழியில் நடத்தும் முறை அந்த வரிக்கு விரோதம் என்று அரசியல் சாசன மன்றம் அந்தப் பகுதியை அடித்துவிட்டது. பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. பந்தயமும் நடக்கிறது.

என் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். யாரும் அவன் கழுத்தில் எதையும் மாட்டவில்லை.

மே மாத ஞாயிறு வந்தது. எனக்கு ஒரு பளபள மஞ்சள் ஜாக்கெட், ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் பச்சையுமாக ஒரு கைப்பலகை, அரசு அனுமதி உத்தரவின் நகல் ஒன்று. இப்படி முனைகளில் நிற்பவர்களுக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி. சம்பளம் கிடையாது. மதியத்துக்கு ஒரு சாண்ட்விச், ஒரு ஆப்பிள். வழிநெடுக ஒவ்வொரு முனையிலும் என்னைப் போல ஒருவர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்.

கிளம்பும் முன் பெரியவர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "சிவப்புக் கொடி கார் வந்தா சாலையை மூடுங்க. பச்சைக் கொடி கார் போன பிறகுதான் திறக்கணும். நடுவுல யார் என்ன சொன்னாலும் திறக்காதீங்க. முதல் ஆளுக்காக யார் வேணா நிப்பாங்க. நீங்க நிக்கிறது கடைசி ஆளுக்காக."

மூன்று மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு பூனை சாலையைக் கடந்தது. ரிபின் முடியும் இடத்தில் அணிக்காரர்கள் இரண்டு பேர் கையில் உதிரிச் சக்கரத்தோடு வந்து நின்றார்கள். என் கணவரும் மகனும் வயலோரம் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெரியவரின் பேத்தியும் வந்து சேர்ந்தாள்.

பிறகு ஹெலிகாப்டர் சத்தம். போலீஸ் மோட்டார் சைக்கிள்கள். சிவப்புக் கொடி கார். நான் பலகையைத் தூக்கினேன். வயலுக்கு அப்பால் ஒரு புழுதி மேகம் நகர்ந்து வந்தது. அதற்குள்ளிருந்து முதலில் நாலு பேர். ஒரு நிமிடம் கழித்து மொத்தக் கூட்டமும். நூற்றுச் சொச்சம் சைக்கிள் சங்கிலிகள் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம், பெருமழை தகரக் கூரையில் விழுவது போல. எல்லார் முகமும் ஒரே மண் நிறம். பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. கண் இமைப்பதற்குள் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், கூரையில் சைக்கிள்களைக் கட்டிய அணி கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. பிறகு அமைதி.

பச்சைக் கொடி கார் வரவில்லை.

எனக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "போயிட்டாங்கல்ல? பலகையை இறக்குங்க" என்றார். இன்னும் வண்டி வர வேண்டும் என்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் ஹாரன் அடித்தார். பிறகு இறங்கி வந்து, "முதல்ல இந்த ஊர்ச் சட்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து நில்லுங்க" என்றார். வெளிநாட்டு முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லும் குரல் எனக்குப் பழக்கம்தான். வழக்கமாக ஒதுங்கிவிடுவேன். அன்று கை நடுங்கியது, ஆனால் பலகை இறங்கவில்லை. அனுமதி நகலை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் படிக்கவில்லை.

அப்போதுதான் ரிபினிலிருந்து அவன் வந்தான். தன்னந்தனியாக. இருபது, இருபத்தொரு வயது இருக்கும். ஒரு பக்கச் சட்டை கிழிந்து தோளில் ரத்தம் காய்ந்திருந்தது. பின் சக்கரம் பஞ்சராகி, வெறும் விளிம்பில் கடகடவென்று ஓட்டி வந்தான். நின்றிருந்த அணிக்காரர்கள் இருவரும் அவன் அணி இல்லை. ஆனாலும் ஒருவர் ஓடிப்போய்த் தன் கையில் இருந்த சக்கரத்தை மாட்டிவிட்டு, முதுகில் கை வைத்துப் பத்தடி தள்ளிவிட்டார். என்னைக் கடக்கும்போது அந்தப் பையன் தலையைத் தூக்கிப் பார்த்து, "மெர்சி, மதாம்" என்றான். அவ்வளவு மூச்சிரைப்பிலும் ஒரு நன்றி.

வெள்ளைக் கார்க்காரர் ஒன்றும் பேசவில்லை. போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

அவனுக்குப் பின்னால், வழியில் விட்டுவிட்டவர்களை அள்ளிக்கொண்டு போகும் வேன் மெல்ல வந்தது. 'துடைப்ப வண்டி' என்று அதற்குப் பெயர். பெருக்கிக்கொண்டே வருகிறதாம். கடைசியில் பச்சைக் கொடி. பலகையைத் திருப்பினேன்.

அன்று மாலை பெரியவர் வீட்டில் ஜெயித்தவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை அவர் டிவியில் பார்த்துவிட்டார். கடைசி ஆளைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். எந்தக் கலர் சட்டை, எந்தத் தோளில் அடி, முடித்தானா. முடித்தவர்கள் பட்டியலில் கடைசிப் பக்கத்தில் அவன் எண் இருந்ததைப் போனில் காட்டினேன். பென்சிலை எடுத்து, புள்ளிக் கணக்குக்குக் கீழே அந்த எண்ணையும் எழுதினார். பக்கத்தில் ஒரு சைபர் போட்டார். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வருட ட்ரோ ப்ரோ லெயோன் பக்கத்திலும் அடியில் ஒரு எண்ணும் ஒரு சைபரும் இருந்தன.

நான் வீடு திரும்பியபோது என் மகன் வாசலில் காத்திருந்தான். பன்றிக்குட்டிப் பரிசைப் பற்றி அந்தப் பேத்தி சொல்லியிருக்கிறாள். பிரெத்தோன் மொழியில் அதற்கு 'போர்ஹெல்' என்று பெயராம். நாலு தடவை சொல்லிக் காட்டினான்.

"அம்மா, அவ என்கிட்ட கேட்டா, உன் மொழியில என்னன்னு. எனக்குத் தெரியல" என்றான், பிரெஞ்சில்தான்.

"பன்னிக்குட்டி."

"பன்னிக்குட்டி" என்று சொல்லிப் பார்த்தான். சிரித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய், "பன்னிக்குட்டி! பன்னிக்குட்டி!" என்று கத்தினான். அந்தப் பக்கத்திலிருந்து அவளும் திருப்பிக் கத்தினாள்.

அக்டோபரில் வாந்தே பந்தயம் முடிந்ததும் பெரியவர் அந்த வருட நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். முட்டி சரியாகிவிட்டது, கைத்தடியும் போய்விட்டது. அடுத்த மே மாதம் அவரே தன் முனையில் நிற்பார். எனக்கு அதற்கு அடுத்த முனையைக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாராம். அங்கே ஆள் இல்லையாம்.